கரை உடையார் நீர் உடையாரோ?

வள்ளுவப் பெருந்தகை தம் நூலிலே கடவுள் வாழ்த்தை அடுத்து மழைக்கே இடங்கொடுத்தார். வானத்தில் நிற்கும் மழையை எவரும் வேலியடைத்துக் கொள்வதில்லை. பெய்த மழை பள்ளத்திலே தங்கிக் குளமாகி, அக்குளத்தைச் சுற்றி வீடும் மதிலும் எழுந்த பின்னரே வழக்குப் பிறக்கின்றது. நிலம் ஒருவருக்கு உரியதாகலாம். அதிலே நாட்டிய தென்னையும் கட்டிய படியும் அவருக்கே உரியனவாகலாம். ஆயின், அந்நிலத்தைத் தொட்டுக் கிடக்கும் நீரும் அவருக்கே உரியதாகுமோ? இவ்வினா நம் ஊர் வேலிச் சண்டை போல அற்பமானதன்று. இதற்கு விடை காண இந்திய தேசத்திலே ஒரு சிற்றூர் மக்கள் பத்தாண்டு காலம் மூன்று நீதிமன்றங்களின் படிகளில் ஏறி இறங்கினர். அவ்வரலாற்றையே இம்மலரில் விரித்துரைக்க விழைகின்றோம்.

முதற்கண் சட்டத்தின் பழமையைச் சிறிது நோக்குவாம். கி. பி. 533ஆம் ஆண்டில் உரோமச் சக்கரவர்த்தி ஜஸ்டீனியன் வெளியிட்ட சட்டப் பாடநூல், காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை இயற்கை நீதிப்படி எல்லார்க்கும் பொது என்று கூறுகின்றது. ஆற்றங்கரையைப் பற்றி அந்நூல் சொல்வது இன்னும் நுட்பமானது. கரையின் உடைமை அதனை அடுத்துள்ள காணிக்காரருடையது. கரையில் நிற்கும் மரமும் அவருடையதே. ஆனால் கரையின் பயன்பாடு பொதுமக்களுடையது; படகோட்டி ஒருவன் தன் படகைக் கரைசேர்த்து அம்மரத்திலேயே கயிற்றைக் கட்டலாம், சுமையை இறக்கலாம். மரம் உனது, அதிற் கயிறு கட்டும் உரிமை எனது! உடைமையை ஒருவர் கையிலும் பயன்பாட்டைப் பலர் கையிலும் வைத்த இந்த ஏற்பாட்டை நாம் படித்தபோது வியந்தோம். உரோமச் சட்டம் ஒல்லாந்து தேசம் சென்று, ஒல்லாந்தர் கப்பலேறி இலங்கைக்கு வந்தது. 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தினால் ஆங்கிலேயரும் அதனை நிலைநிறுத்தினர். ஆகவே அது நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

பின்வந்த இலங்கைச் சட்டமும் இதே போக்கினது. 1947ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் (இன்று அரச காணிகள் கட்டளைச் சட்டம்) பொது ஏரிகளையும் பொது ஓடைகளையும் அரசின் கட்டுப்பாட்டில் வைத்தது. அவற்றின் கரையில் காணி வைத்திருப்பவர் வீட்டுத் தேவைக்கும், ஆடுமாடுகளுக்கும், பயிருக்கும் கையால் நீர் எடுத்துக்கொள்ளலாம். வாய்க்கால் வெட்டியோ இயந்திரம் வைத்தோ இழுத்துக்கொள்ள அவருக்குத் தாமாக உரிமையில்லை. கை எவ்வளவு நீரை அள்ளும், இயந்திரம் எவ்வளவு நீரைக் குடிக்கும் என்பதை அறிந்தவர்கள் இயற்றிய சட்டம் என்றே தோன்றுகின்றது.

யாழ்ப்பாணத்திலோ வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஆறு. சுண்ணாம்புக் கல்லின் அடியிலே கிடக்கும் நீரைக் கிணறு வெட்டித் துலாவினால் இறைத்தே நம் முன்னோர் புகையிலையும் வெங்காயமும் விளைவித்தனர். ஒரு கிணற்றிலே பலருக்குப் பங்கு; பங்குக்கேற்ப இறைப்பு முறை. பழைய உறுதிகளை எடுத்துப் பார்ப்போர், இத்தனை பரப்புக் காணியும் அதனைச் சேர்ந்த கிணற்றில் இத்தனை பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் என்று எழுதியிருப்பதைக் காண்பர். அயலவர் காணிக்குள்ளால் நடந்து சென்று கிணற்றை அடையவும், அயலவர் காணிக்குள்ளால் நீரைக் கொண்டு செல்லவும் உரிமை உண்டென்பதே அதன் பொருள். நிலத்தின் உரிமையும் நீருக்குச் செல்லும் உரிமையும் ஒன்றையொன்று விழுங்காமல் வாழ்வது எப்படி என்பதை நொத்தாரிசுமாரின் பேனா நன்கு அறிந்திருந்தது. ஆனால் அவ்வுறுதியிலே பெயர் உள்ளவர் யாவர்? காணி உடையவர். காணியே வைத்திருக்க விடப்படாதவருக்கு உறுதி ஏது, பங்கு ஏது, வழி ஏது?

இவ்விடத்திற் பெரியபுராணத்தை நினைவு கூராதிருத்தல் இயலாது. தண்டியடிகள் நாயனார் பிறவிக் குருடர். திருவாரூர்க் கோயிலின் மேற்றிசைத் திருக்குளம் பிறருடைய கட்டடங்களால் நெருக்குண்டு தூர்ந்து போனதை அறிந்து, கயிறு கட்டி அதனைத் தடவித் தடவி மண்ணைக் கல்லி எடுத்தார் என்பது அவர் வரலாறு. திங்களூர் அப்பூதியடிகளோ வேதியர். தாம் கண்டிராத திருநாவுக்கரசர் பெயரால் வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர். அறுபத்துமூவருள் ஒருவர் குளத்தைக் கரைக்காரரின் நெருக்கத்தினின்று மீட்டார். மற்றொருவர் வழியிலே நீர் வைத்தார். இவர்களுக்குக் குருபூசை செய்யும் சைவ மக்கள் கிணற்றடியிலே மட்டும் வேறு நூலைப் படித்தது எங்ஙனம் என்பது நமக்கு விளங்காத புதிர்.

நிற்க. சொல்ல வந்த வரலாற்றுக்கு வருவோம்.

பம்பாய்க்குத் தெற்கே கொங்கணக் கரையில், சாவித்திரி ஆற்றின் அருகே மகாத் என்றொரு சிறு பட்டினம் உண்டு. சிவாஜி மகாராசாவின் இராய்கட் கோட்டை அதற்கு அண்மையிலேயே உள்ளது. பட்டினத்தின் நடுவே நாலைந்து ஏக்கர் அளவான ஒரு குளம். ‘சவுதார்’ என்பது அதன் பெயர். மராட்டி மொழியிலே சுவையுள்ளது என்று பொருள்படும். நிலத்தடி ஊற்றும் மழைநீரும் அதனை நிரப்பின. நாற்புறமும் நகரசபை வீதிகள். வீதிகளுக்கு அப்பால் சாதி இந்துக்களின் வீடுகள், ஒரு சில முஸ்லிம் வீடுகள். குளத்தின் விளிம்பிலே கிடந்த ஒடுங்கிய நிலத் துண்டுகள் பலவும், நீருக்கு இறங்கும் படித்துறைகளும், கற்கட்டும் அவ்வீட்டுக்காரர்களுக்கே சொந்தம். குளத்தை யார் வெட்டினார், எப்போது தோன்றியது என்பதற்குச் சான்றில்லை. இருநூற்றைம்பது ஆண்டுக்குக் குறையாத பழமை உடையது என்று மட்டும் இரு பக்கத்தாரும் ஒப்புக்கொண்டனர். இந்த விவரங்களை நாம் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வழக்கின் முடிச்சு முழுவதும் அந்த ஒடுங்கிய நிலத் துண்டுகளிலேதான் கிடந்தது.

முஸ்லிம்கள் அந்நீரை எடுத்தனர், வெளியூரார் எடுத்தனர், மாடும் நாயும் குடித்தன. மகார் முதலிய தாழ்த்தப்பட்டோர் மட்டும் கரையை மிதித்தல் ஆகாது.

1923ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆந் திகதி பம்பாய்ச் சட்டசபையில் எஸ். கே. போலே என்பார் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறிற்று. பொதுப்பணத்தால் அமைந்தனவும் பேணப்படுவனவுமான நீர்நிலைகள், கிணறுகள், சத்திரங்கள், பாடசாலைகள் முதலியவற்றைத் தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பது அத்தீர்மானம். மகாத் நகரசபையும் 1924 சனவரியில் சவுதார்க் குளத்தை எல்லார்க்கும் திறந்துவிடுவதாகத் தீர்மானித்தது. தீர்மானம் ஏட்டிலே இருந்தது. குளம் பழையபடியே இருந்தது. நகரசபைத் தீர்மானங்களின் இயல்பை அறிந்த நம்மவர்க்கு இது வியப்பளிக்காது.

1927 மார்ச் 19, 20ஆந் திகதிகளில் அப்பட்டினத்திலே தாழ்த்தப்பட்டோர் மகாநாடு கூடிற்று. தலைமை வகித்தவர் டாக்டர் அம்பேத்கர். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது; கொலம்பியாவிலும் இலண்டனிலும் பட்டம் பெற்றுப் பாரிஸ்டராகத் திரும்பியவர். அந்த மகாநாட்டுக்கு வந்தோர் குடிப்பதற்காக அமைப்பாளர்கள் 40 ரூபாவுக்குத் தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. அக்காலத்து 40 ரூபா! நாலைந்து ஏக்கர் நீர் கண்ணெதிரே கிடக்க, காசு கொடுத்து நீர் வாங்கிக் குடித்தனர்.

இரண்டாம் நாள் மகாநாடு முடிந்ததும் அனைவரும் ஊர்வலமாகக் குளத்தை அடைந்தனர். அம்பேத்கர் இறங்கி ஒரு கை நீரை அள்ளிப் பருகினார். பின்னே வந்தோரும் பருகினர். நடந்தது அவ்வளவே. சிறிது நேரத்தில் அடுத்து வீரேசுவரர் கோயிலுக்குள் புகப்போகின்றார்கள் என்றொரு வதந்தி பரவியது. ஊரார் தடிகளோடு வந்து, உண்டு கொண்டிருந்தவர்களையும் ஊர் திரும்பிக் கொண்டிருந்தவர்களையும் தாக்கினர். திருப்பி அடிக்க வேண்டாமென்று அம்பேத்கர் தம்மவரைத் தடுத்தார். பின்பு 108 குடம் கொண்டு பஞ்சகவ்வியத்தால் குளம் ‘சுத்தி’ செய்யப்பட்டது. பசுவின் சாணமும் கோமியமும் கலந்த நீர் தூயது, மனிதனின் கை பட்ட நீர் தீட்டு என்பதை எந்த ஆகமம் கற்பித்ததோ அறியோம்.

அதே ஆண்டு ஆகஸ்டு 4ஆந் திகதி நகரசபை தன் பழைய தீர்மானத்தை நீக்கிவிட்டது. போலே தீர்மானம் நிறைவேறி அன்றைக்குச் சரியாக நான்கு ஆண்டு. அம்பேத்கர் பக்கத்தார் திசம்பரில் மீண்டும் கூடுவதாக அறிவித்தனர். இங்கேதான் எதிர்ப்பக்கத்தார் தடியை வைத்துவிட்டுச் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்தனர். 1927 திசம்பர் 12ஆந் திகதி வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர்கள் வாதம் இரண்டு. குளம் நகரசபையின் பொதுச்சொத்து அன்று, கரையிலுள்ள சாதி இந்துக்களுக்கு உரிய சொத்து என்பது ஒன்று. உடைமை எவருடையதாயினும், தீண்டாதாரை விலக்கித் தாமே பயன்படுத்தும் உரிமை நெடுங்கால வழமையால் தமக்கு உண்டு என்பது மற்றொன்று. 14ஆந் திகதி நீதிமன்றம் தற்காலிகத் தடையுத்தரவு வழங்கிற்று.

திசம்பர் 25ஆந் திகதி ஆயிரக்கணக்கானோர் மகாத்தில் வந்து குவிந்தனர். பந்தலிட நிலம் தருவார் ஊரில் இல்லை. ஒரு முஸ்லிம் கனவானே தம் காணியை உதவினார். தன் காணியைத் தான் விரும்பியவருக்குக் கொடுக்கும் உரிமை அன்று தாழ்த்தப்பட்டோர்க்குத் துணையாயிற்று என்பதையும் மறத்தலாகாது. உடைமை உரிமை எக்காலத்தும் தீயதென்று இவ்வரலாற்றைக் கொண்டு வாதிப்பார்க்கு இது தக்க மறுமொழி. பந்தலிலே மாட்டப்பட்டிருந்த ஒரே படம் காந்தியடிகளுடையது. அவ்வடிகள் அதற்கு ஒரு மாதம் முன்னர்தான், 1927 நவம்பர் இறுதியில், யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் அழைப்பில் நம் மண்ணுக்கு வந்து தீண்டாமையைப் பற்றி நம் மூத்தோரிடம் பேசிச் சென்றார் என்பதை இளைஞர்கள் குறித்துக்கொள்ளல் நலம். அன்றிரவு மகாத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அத்தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சகஸ்ரபுத்தே என்னும் பிராமணர்.

குளத்தில் இறங்கி நீரள்ளச் சிறை செல்லவும் கூட்டம் ஆயத்தமாக நின்றது. ஆயினும் அம்பேத்கர் தடையுத்தரவை மீற வேண்டாம் என்றார். ஊர்வலம் சென்றது, நீரைத் தொடாமலே திரும்பிற்று. வழக்கு வழக்காகவே நடக்கட்டும் என்று முடிவு செய்தனர். இதனைக் கோழைத்தனம் என்று கூறுவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. வேலிக்காரன் சட்டத்தைக் காட்டும்போது, அச்சட்டத்திலேயே அவனை வெல்வது வேலியைப் பிடுங்குவதிலும் நிலையானது. பிடுங்கிய வேலியை மறுநாள் கட்டலாம். தீர்ப்பை அவ்வாறு கட்டமுடியாது.

1931 யூன் 8ஆந் திகதி முதல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குளம் நகரசபைக்குரியது. சாதி இந்துக்கள் மட்டும் பயன்படுத்தியமை நெடுநாள் வழமைதான். ஆயினும் பொதுக்குளத்தை ஒரு சாரார் பயன்படுத்தினார், மற்றொரு சாரார் பயன்படுத்தவில்லை என்ற காரணத்தால் மட்டும் முதற்சாராருக்குச் சட்ட உரிமை எதுவும் உண்டாகாது. இதன் உட்பொருளைச் சிந்தித்தல் வேண்டும். அஞ்சி விலகி நின்றவனின் அச்சம், அவனை அச்சுறுத்தியவனின் உரிமைக்கு உறுதிப் பத்திரமாகாது என்பதே அதன் சாரம்.

தோற்றவர்கள் தானா நீதிமன்றத்துக்குச் சென்றனர், அங்கும் தோற்றனர். பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றனர். அங்கே விசாரித்த நீதிபதிகள் புரூம்பீல்ட், வாடியா என்போர். 1922இல் அகமதாபாத்தில் காந்தியடிகளுக்கு ஆறாண்டுச் சிறை விதித்தவரும் இதே புரூம்பீல்ட் துரைதான். 1937 மார்ச் 17ஆந் திகதி, அதாவது அம்பேத்கர் நீரள்ளிப் பத்தாண்டு நிறைவதற்கு மூன்று நாள் இருக்கையில், மேன்முறையீடு தள்ளுபடியாயிற்று. நினைவுக்கெட்டாத காலத்து வழமை என்று வழக்காளிகள் கூறியது நிறுவப்படவில்லை என்பது தீர்ப்பு.

கரையோரத் துண்டுகளும் படித்துறைகளும் வீட்டுக்காரர்க்கே சொந்தம் என்பதை எவரும் மறுக்கவில்லை என்பது ஈண்டுக் கவனிக்கத்தக்கது. அவை அவர்களிடமே இருந்தன. கரையின் உடைமையிலிருந்து நீரின் உடைமையைப் பிழிந்தெடுக்க முயன்ற முயற்சியே தோற்றது. ஜஸ்டீனியனின் நூலைப் புரட்டியோர்க்கு இது பழைய பாடம்.

ஆயினும் இவ்வெற்றி முழுமையானதன்று என்பதையும் நேர்மையோடு கூறுதல் வேண்டும். வழமை நிறுவப்பட்டிருந்தால் அது நியாயத்துக்கும் பொதுநலத்துக்கும் ஒத்ததா என்று பார்க்க நேர்ந்திருக்கும். நிறுவப்படாமையால் அவ்வினா எழவில்லை என்று நீதிபதிகள் ஒதுங்கிக்கொண்டனர். தீண்டாமை பிழை என்று அத்தீர்ப்புச் சொல்லவில்லை. குளம் நகரசபையுடையது என்றே சொல்லிற்று. வழக்காளிகள் கையிலே ஒரு பழைய செப்பேடு இருந்திருந்தால்? அரசன் ஒருவன் அக்குளத்தைக் கரைக்காரருக்கே தானமாக அளித்த சாசனம் அகப்பட்டிருந்தால்? நீர் மறுக்கப்பட்டே இருந்திருக்கக் கூடும்.

1950 சனவரி 26ஆந் திகதி நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆம் உறுப்புரை, இந்த ஓட்டையைப் பாதியளவு அடைத்தது. முழுவதுமாகவோ பகுதியாகவோ அரச பணத்தாற் பேணப்படும் கிணறு, குளம், படித்துறை முதலியவற்றோடு, பொதுமக்களின் பயன்பாட்டுக்கென அர்ப்பணிக்கப்பட்டவற்றையும் அது சேர்த்துக்கொண்டது. 17ஆம் உறுப்புரை தீண்டாமையையே ஒழித்தது. ‘அர்ப்பணிக்கப்பட்ட’ என்ற அச்சொல்லே நமக்கு மிக முக்கியமாகத் தோன்றுகின்றது.

ஏனெனில் நம் பெரியோர்களிற் சிலர், “எங்கள் பாட்டனார் வெட்டின கிணறு, வெட்டினவர் சொல்வதுதானே சட்டம்?” என்று கேட்பதுண்டு. அவர்கள் கேள்வியில் நியாயமே இல்லையென்று நாம் தள்ளிவிடவில்லை. கல்லுடைத்து வெட்டியவர் அவர். தூர் வாருபவர் அவர். துலாவும் வாளியும் கயிறும் அவர் செலவு. இரவில் எவனோ வந்து கிணற்றைக் கலக்கிவிட்டுப் போனால் நட்டமும் அவருடையதே. தம் வீட்டு வளவுக்குள் இருக்கும் கிணற்றை அவர் பூட்டி வைத்தால் குறை கூற நாம் யார்? ஆனால் அவர் அதனைப் பூட்டி வைக்கவில்லை. வழிப்போக்கன் குடிக்கின்றான், அயலார் குளிக்கின்றனர், விற்பனைக்கு வந்த அந்நிய ஊரானும் கால் கழுவுகின்றான். ஊருக்கே திறந்துவிட்ட கிணற்றை, உழைத்துக் களைத்து வந்த ஒரு குலத்தாருக்கு மட்டும் மூடும்போது அங்கே தொழிற்படுவது உடைமை உரிமையன்று. உடைமையின் சட்டையை அணிந்து வந்த சாதியே. சவுதார்க் குளத்தில் மூன்று மன்றங்களும் அந்தச் சட்டையைத்தான் கழற்றிப் பார்த்தன.

யாழ்ப்பாணத்திலே தாழ்த்தப்பட்ட பெண்கள் குடத்தோடு கிணற்றடிக்கு எட்டத்தில் நின்று, ‘மேலோர்’ எவரேனும் வந்து அள்ளி ஊற்றும் வரை காத்திருந்த காலம் கட்டுக்கதையன்று. தேசவழமை நூலிலே அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. 1844இல் அடிமை முறை இலங்கையில் சட்டத்தால் ஒழிந்தது. கிணற்றடி மட்டும் அச்சட்டத்தைக் கேள்விப்படவில்லை. மிசன் பாடசாலையிலே யாக்கோபின் கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்ட கதையைக் கற்றோம். மாதங்கப் பெண்ணிடம் ஆனந்த தேரர் நீர் கேட்ட கதை பௌத்தர்களிடம் உண்டு. இரு கதைகளிலும் உயர்ந்தவர் எனப்பட்டவரே தாழ்ந்தவர் எனப்பட்டவரிடம் கை நீட்டுகின்றார். நம் கிணற்றடியிலோ கை நீட்டி நின்றவர் எப்போதும் ஒரு பக்கத்தாரே.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், சாதி காரணமாகப் பொதுக் கிணறு, ஊற்று, குழாய் முதலியவற்றில் ஒருவர் நீர் எடுப்பதைத் தடுப்பது குற்றம் என்றது. சட்டம் வந்தும் ஊர் மாறாமையால், 1966 அக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரத்திலே கோயில் வாசலில் போராட்டம் நடந்தது. எழுத்தாளர் கே. டானியல் ‘தண்ணீர்’ என்ற பெயரிலேயே ஒரு நாவல் எழுத வேண்டியிருந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையோ கடை, உணவகம், கோயில் முதலியவற்றைச் சொல்லி, கிணற்றையும் குளத்தையும் பெயர் சொல்லாமல் விட்டுவிட்டது. தென்னிலங்கைச் சட்டவாணர்க்கு அது சிறிய சொல்லாகத் தோன்றியிருக்கலாம். நமக்கு அவ்வாறன்று.

இங்கே பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. நம் ஊரிலுள்ள கேணி, குளம், பொதுக்கிணறு ஒவ்வொன்றையும் வெட்டுவித்தவர் யார், தருமமாக விட்டவர் யார், அதற்கு உறுதி எவரிடம் உள்ளது, எந்த ஆண்டு வரை எவரெவர் எட்டத்தில் நின்றனர், முதன்முதலாக இறங்கி அள்ளியவர் யார் என்பன உங்கள் நினைவிலே இருக்கின்றன. வேலிகள் நகர்கின்றன, சில கேணிகளின் படிகள் இப்போதே வளவுகளுக்குள் போய்விட்டன. சங்கத்தின் இளைஞர் இருவர் ஞாயிறு தோறும் கொப்பியோடு உங்கள் வீட்டுக்கு வர ஆயத்தமாயிருக்கின்றனர். எழுதுவதை நாம் பார்த்துக்கொள்கின்றோம். கூசாமற் சொல்வது உங்கள் பங்கு.